வெல்பிரைட்டி: தெளிந்தால் போதாது, தேறவும் வேண்டும்

வட அமெரிக்கப் பூர்வகுடிகள் நடத்தும் குடிமீட்பு மையங்களைப் பற்றிப் படிக்கப் போனால் 'வெல்பிரைட்டி' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். நலத்தைக் குறிக்கும் 'வெல்', குடிக்காமல் இருப்பதைக் குறிக்கும் 'சொப்ரைட்டி' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டுப்போட்டது. பார்க்க ஏதோ விளம்பரக் கம்பெனிக்காரர் செய்தது போல இருந்தாலும், இதன் வேர் ஆங்கிலத்தில் இல்லை.

இதைப் பரப்பியவர் மோஹிகன் இனத்தைச் சேர்ந்த டான் கோய்ஹிஸ். 1988-இல் 'வைட் பைசன்' என்ற அமைப்பைத் தொடங்கியவர். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மேய்ன் மாநிலத்தில் பாசமக்குவாடி என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். குடியிலிருந்து விலகியிருப்பதையும் நலமாக இருப்பதையும் அவர்கள் மொழியில் ஒரே சொல்லால் சொல்லிவிடலாமாம். அந்தச் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர முயன்றபோது பிறந்ததுதான் வெல்பிரைட்டி என்கிறார்கள் இந்த இயக்கத்தினர்.

ஆங்கிலத்தில் ஏன் ஒரு சொல் போதவில்லை? சொப்ரைட்டிக்கு அடியான 'சோபர்' என்பது லத்தீன் 'சோப்ரியுஸ்' என்பதிலிருந்து வந்தது. அதற்குள் ஒளிந்திருப்பது 'எப்ரியுஸ்', அதாவது குடிபோதையில் இருப்பவன். முன்னால் இருக்கும் எழுத்துக்கு 'இல்லாமல்' என்று பொருள். ஆகப் போதை இல்லாதவன், அவ்வளவுதான். என்ன இல்லை என்று சொல்கிறதே ஒழிய என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. வள்ளுவரும் இந்த இடத்தில் அப்படித்தான். அதிகாரத்தின் பெயரே கள்ளுண்ணாமை; உள்ளே போனால் 'கள்ளுண்ணாப் போழ்தில்' என்கிறார். எதிர்மறையில்தான் பேச்சு.

பூர்வகுடி ஊர்களில் இந்த எதிர்மறை போதாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. பாட்டிலைக் கீழே வைத்த பிறகும் கோபமும் வெட்கமும் துக்கமும் அப்படியே நிற்கும். அது அந்த ஒரு ஆளோடு ஆரம்பித்தது இல்லை. 1879-இல் பென்சில்வேனியாவின் கார்லைலில் தொடங்கிய பள்ளியைப் பின்பற்றிப் பல விடுதிப் பள்ளிகள் வந்தன. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் அடித்தார்கள். 1883-இல் வந்த அரசு விதிகள் சடங்கு நடனங்களையும் வைத்தியர்களின் சடங்குகளையும் தண்டனைக்குரிய குற்றமாக்கின. 1930களில் பிடி தளர்ந்தாலும் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது 1978-இல்தான். காயம் ஒரு பக்கம், அதற்கு மருந்து போடத் தெரிந்தவரைக் குற்றவாளியாக்கியது இன்னொரு பக்கம். தலைமுறை தாண்டி வரும் இந்தத் துக்கத்துக்கு 'வரலாற்றுக் காயம்' என்று பெயர் கொடுத்து ஆராய்ந்தவர் லகோட்டா இனத்தைச் சேர்ந்த மரியா யெல்லோ ஹார்ஸ் பிரேவ் ஹார்ட்.

இதை விளக்க கோய்ஹிஸ் ஒரு காட்டைக் காட்டுவார். நோய் பிடித்த காட்டிலிருந்து ஒரு மரத்தைப் பெயர்த்து நல்ல மண்ணில் வைத்துத் தேற்றி, திரும்ப அதே காட்டில் கொண்டு போய் நட்டால் என்ன ஆகும்? மையத்தில் இருந்துவிட்டு வீடு திரும்பியவர் மறுபடி குடிப்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. காட்டுக்கே வைத்தியம் பார்க்கவேண்டும்.

அதற்காக மேற்கத்திய வைத்தியத்தை அவர் தூக்கி எறியவில்லை. குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களின் பன்னிரண்டு படிகளை எடுத்து, நேர்க்கோட்டில் வைக்காமல் வட்டமாக வளைத்தார். கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று திசைக்கு மூன்று படி. அந்த வட்டத்துக்கு 'மெடிசின் வீல்' என்று பெயர். இதை 'மருந்துச் சக்கரம்' என்று தமிழில் எழுதினால் கொஞ்சம் உதைக்கும். அங்கே மெடிசின் என்றால் மூலிகை மட்டும் கிடையாது. ஒரு பாட்டு, ஒரு புகை, ஒரு பெரியவரின் பேச்சு எல்லாமே மெடிசின். 'மணி மந்திர ஔஷதம்' என்று மூன்றையும் சேர்த்துச் சொன்ன நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. அதே காரணத்தால் இந்தச் சிகிச்சையை 'நாட்டு வைத்தியம்' என்று மொழிபெயர்ப்பதும் சரி வராது. கஷாயம் நினைவுக்கு வந்துவிடும்.

பல மீட்பு மையங்களில் இப்போது இருக்கும் வியர்வைக் குடிலையே பாருங்கள். வளைத்துக் கட்டிய குச்சிகள், மேலே போர்வைகள். உள்ளே குனிந்துதான் போகவேண்டும். வெளியே நெருப்பில் பழுக்கக் காய்ந்த கற்களைக் கொண்டுவந்து நடுக்குழியில் வைப்பார்கள். அந்தக் கற்களுக்குப் பெயர் 'தாத்தாக்கள்'. வாசலை மூடினால் கும்மிருட்டு. கல்லில் தண்ணீர் ஊற்ற ஊற்ற ஆவி எழும்ப, பாட்டும் வேண்டுதலுமாகப் பொதுவாக நான்கு சுற்று நடக்கும். இருட்டில் யார் அழுதாலும் முகம் தெரியாது. மனநல ஆலோசகரின் அறையில் வாய் திறக்காத ஒருவர் இங்கே பேசிவிடுவதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

2024 அக்டோபரில் அரிசோனா, கலிபோர்னியா, நியூ மெக்சிகோ, ஒரிகான் ஆகிய நான்கு மாநிலங்களில் இதுபோன்ற பாரம்பரியச் சிகிச்சைக்கும் 'மெடிக்கெய்ட்' என்ற அரசுக் காப்பீடு பணம் தர அனுமதி கிடைத்தது. ஒரு காலத்தில் தண்டித்த அரசாங்கமே இன்று பில் கட்டுகிறது! நல்ல செய்திதான். ஆனால் புகையிலையைக் காணிக்கையாகக் கொடுத்துப் பெரியவரிடம் உதவி கேட்கிற வழக்கம் உள்ள இடத்தில், மணிக்கணக்குப் போட்டுப் படிவம் நிரப்புவது எப்படி ஒட்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'மதுவிலக்கு' அரசாங்கத்தின் சொல். 'குடிநிறுத்தம்' மறுபடி எதிர்மறை. 'நிதானம்' பக்கத்தில் வருகிறது. குடித்தவனை 'நிதானத்தில் இல்லை' என்கிறோம். ஆனால் பொறுமையாகப் பேசுகிறவரும் நிதானமானவர்தான்.

நம்மிடம் 'தெளிவு' இருக்கிறது. போதை தெளிகிறது, மயக்கம் தெளிகிறது, சித்தம் தெளிகிறது, கலங்கிய தண்ணீர் தெளிகிறது. உடம்புக்கு முடியாமல் கிடந்து எழுந்தவரைப் பார்த்து 'இப்பத்தான் முகம் தெளிஞ்சிருக்கு' என்கிறோம். பாசமக்குவாடிச் சொல் செய்கிற வேலையில் பாதியை இது ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. கொங்கு நாட்டில் பதநீருக்குத் 'தெளுவு' என்று பெயர் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் தெளுவு, தடவாமல் விட்டால் அதே பாளையில் கள்.

மீதிப் பாதிக்குத் 'தேறு'. உடம்பு தேறும், மனசு தேறும், அடுத்தவரைத் தேற்றவும் செய்யலாம். கலங்கல் தண்ணீர்ப் பானையில் உரைக்கிற தேற்றாங்கொட்டையும் இந்தக் குடும்பம்தான். அப்படியானால் 'தேறல்' என்றே வைத்துவிடலாமே? வைக்கலாம்தான், ஆனால் சங்கப் பாடல்களில் தேறல் என்றால் வடித்துத் தெளிந்த கள்!

தலைப்புக்கும் பெயர்ப்பலகைக்கும் ஒரே சொல் வேண்டுமென்றால் 'தெளிநலம்' என்று எழுதலாம். பேச்சில் அதுகூட வேண்டியதில்லை. 'மூணு வருஷமாகத் தெளிவாகத்தான் இருக்கிறார், இன்னும் தேறவில்லை' என்றால் யாருக்கும் புரியும்.