கர்த்தாஸ் என்னும் கடற்சீட்டு

இந்தியப் பெருங்கடலில் ஓடும் வணிகக் கப்பல்கள் தங்களிடம் வாங்கியே தீர வேண்டும் என்று போர்த்துகீசியர் கட்டாயப்படுத்திய சீட்டுக்குக் கர்த்தாஸ் என்று பெயர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகுந்த இந்த வழக்கம் 17ஆம் நூற்றாண்டிலும் ஓயவில்லை. சீட்டு இல்லாத கப்பல் அகப்பட்டால் சரக்கு, ஆள், கலம் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வார்கள்.

சீட்டில் கப்பலின் பெயர், அதன் நாகுதாவின் (கப்பல் தலைவரின்) பெயர், கப்பலின் அளவு, எத்தனை ஆள், என்ன ஆயுதம், எங்கே புறப்பட்டு எங்கே போகிறது என்பதெல்லாம் இருக்கும். மிளகு போன்ற சில சரக்குகளை ஏற்றக் கூடாது, துருக்கியரை ஏற்றக் கூடாது என்ற தடைகளும் சேரும். சீட்டுக்கான கட்டணம் பெரிய தொகை இல்லை. செலவு வேறிடத்தில் இருந்தது. போகும் வழியில் போர்த்துகீசியர் கோட்டை உள்ள துறையில் நின்று சுங்கம் கட்டியாக வேண்டும். கோவா, டையூ, ஹோர்முஸ் எல்லாம் அப்படிப்பட்ட துறைகள். கடலில் பாதுகாப்புத் தருகிறோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆனால் யாரிடமிருந்து பாதுகாப்பு? பெரும்பாலும் அவர்களிடமிருந்தேதான். கடைத்தெருவில் மாமூல் வாங்குகிறவன் சொல்லும் காரணமும் இதுதானே!

முகலாயப் பேரரசால்கூட இதிலிருந்து தப்ப முடியவில்லை. நிலத்தில் எத்தனை லட்சம் படை இருந்தாலும் கடற்படை என்று சொல்லிக்கொள்ள அவர்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. அக்பர் காலத்தில் மக்தூமுல் முல்க் என்ற சன்னி மார்க்க அறிஞர் ஹஜ் பயணம் இப்போது கடமையில்லை என்றே தீர்ப்புச் சொன்னாராம். தரை வழியில் போனால் ஷியாக்களின் நாட்டைக் கடக்க வேண்டும். கடல் வழியில் போனால் மரியாள், இயேசு படம் பொறித்த போர்த்துகீசியர் சீட்டைக் கையில் வாங்க வேண்டும். இரண்டுமே ஆகாது என்பது அவர் வாதம். அதே காலத்து வரலாற்றாசிரியர் பதாயூனி இதை எழுதி வைத்திருக்கிறார்.

சரி, சீட்டு வாங்கிவிட்டால் கவலை தீர்ந்ததா? 1613இல் நடந்ததைப் பாருங்கள். ஜஹாங்கீரின் தாய் மரியம் உஸ் ஸமானிக்கு ரஹீமி என்ற பெரிய கப்பல் இருந்தது. ஹஜ் பயணிகளையும் வணிகச் சரக்கையும் ஏற்றிச் செங்கடலுக்குப் போய்வருவது அதன் வேலை. அந்த ஆண்டு சூரத் பக்கத்தில் போர்த்துகீசியர் அதைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டு போய்விட்டார்கள். கப்பலில் இருந்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். இத்தனைக்கும் ரஹீமியிடம் செல்லுபடியாகும் கர்த்தாஸ் இருந்தது! உண்மையான கோபம் வேறு: அதற்கு முந்தைய வருடம் சூரத் அருகே சுவாலியில் போர்த்துகீசியரை எதிர்த்து நின்ற ஆங்கிலேயருக்கு முகலாயர் வணிகம் செய்ய இடம் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பழிவாங்கக் கையில் கிடைத்த பிணை அரசரின் தாயாருடைய கப்பல். ஜஹாங்கீர் சும்மா இருக்கவில்லை. போர்த்துகீசியர் வசமிருந்த தமனை முற்றுகையிடப் படை அனுப்பினார், ஆக்ராவில் ஏசு சபையினரின் தேவாலயத்தை மூடினார், அவர்களுக்குத் தந்துவந்த படியையும் நிறுத்தினார். 1615இல்தான் ஒருவழியாகச் சமரசப் பேச்சு நடந்தது.

சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களின் கப்பலும் பறிபோனது. 1603இல் சிங்கப்பூருக்கு அருகே சாந்தா கத்தரீனா என்ற போர்த்துகீசியக் கப்பலை ஹேம்ஸ்கர்க் என்ற டச்சுக்காரர் பிடித்தார். அது முறையான பிடிப்புதான் என்று மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கையொட்டி எழுதத் தொடங்கிய டச்சுச் சட்ட அறிஞர் ஹ்யூகோ குரோஷியஸ், கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று 1609இல் அச்சிட்டு வாதாடினார். நல்ல வாதம்தான். ஆனால் டச்சுக்காரர்கள் மலாக்காவையும் (1641) நாகப்பட்டினத்தையும் (1658) பிடித்த பிறகு ஆசிய வணிகர்களிடம் தங்கள் சீட்டை நீட்டினார்கள். ஆள் மாறியதே தவிர வழக்கம் மாறவில்லை.

இனி சொல்லின் பிறப்பு. கிரேக்கத்தில் கார்த்தேஸ் என்றால் எழுதும் தாள். அது அரபியில் கிர்தாஸ் ஆனது. குர்ஆனிலும் அந்தச் சொல் வருகிறது. அரபியிலிருந்து போர்த்துகீசியத்துக்குப் போய்க் கர்த்தாஸ் ஆனது. இன்று லிஸ்பனில் போய்க் கர்த்தாஸ் என்று கேட்டால் சுவரொட்டியைக் காட்டுவார்கள்.

நாகப்பட்டினம், மயிலாப்பூர், தூத்துக்குடி என்று நம் கரையோரம் குடியேறிய போர்த்துகீசியரிடமிருந்து சாவி, ஜன்னல், அலமாரி, மேசை வந்ததுபோல இந்தச் சொல்லும் வந்துவிட்டது. ஆமாம், நம் தாத்தா பாட்டி "கடுதாசி போட்டானா?" என்று கேட்டார்களே, அந்தக் கடுதாசிதான். தமிழ்நாட்டில் அது அஞ்சலில் வரும் கடிதமாகச் சுருங்கியது. இலங்கைத் தமிழில் கடதாசி என்றால் இன்றும் தாள்தான். சிங்களத்திலும் கடதாசி என்றே சொல்கிறார்கள்.

அப்படியானால் வரலாறு எழுதும்போது கர்த்தாஸைத் தமிழில் எப்படிச் சொல்வது? கடுதாசி என்று எழுதினால் பிறப்பால் சரி, ஆனால் படிப்பவர் அஞ்சலட்டையை நினைப்பார். கடவுச்சீட்டு என்றால் பாஸ்போர்ட் நினைவுக்கு வரும். அது ஆளுக்குத் தருவது, இது கப்பலுக்குத் தந்தது. அனுமதிச்சீட்டு என்று சிலர் எழுதுகிறார்கள். பொருள் விளங்கும், ஆனால் திரையரங்கு வாசல்வரை எல்லா இடத்துக்கும் பொருந்தும் சொல் அது. எனக்குப் பிடித்தது கடற்சீட்டு. குறுகிய சொல், சொன்னதும் கடல் கண்ணில் படுகிறது. முதல் தடவை மட்டும் "கர்த்தாஸ் என்ற கடற்சீட்டு" என்று எழுதிவிட்டு, அப்புறம் கடற்சீட்டு என்றே தொடரலாம். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கொடுத்த சீட்டுகளுக்கும் அதே சொல் போதும். யார் கொடுத்தது என்பதை முன்னால் சேர்த்துக்கொண்டால் ஆயிற்று.