‘கீலெஸ்’ என்ற சொல்லும் சட்டைப்பையில் கிடக்கும் சாவியும்

சாவியைத் துளையில் போட்டுத் திருகாமலே கதவு திறக்கும், பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்பும் வசதியைக் கார் விற்கிறவர்கள் ‘கீலெஸ் என்ட்ரி’ என்கிறார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் அதை அப்படியே ‘சாவியில்லா நுழைவு’ என்று ஆக்கிவிடுகிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் சரிதான். ஆனால் ஒருநாள் காலையில் பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்பாது; சாவியைக் காணவில்லை என்று மீட்டர் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை வந்து நிற்கும். சாவியே இல்லாத வண்டி எந்தச் சாவியைத் தேடுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் பாதிக் கோளாறைத் தானே கண்டுபிடித்துவிடுவார். விடை தெரியாதவர் இழுவை வண்டிக்குப் போன் போடுவார். அதனால் இந்தச் சொல்லை வேரிலிருந்தே பார்ப்போம்.

முதலில் ‘சாவி’. இது போர்த்துக்கீசியர் கொண்டுவந்த ‘சாவே’. அலமாரி, ஜன்னல், மேசை எல்லாம் வந்த அதே கப்பலில் வந்த சொல். அதன் மூலம் லத்தீனின் ‘கிளாவிஸ்’. இந்தியில் ‘சாபி’ என்று வழங்குவதும் இதுவே. ஆங்கிலத்தின் ‘கீ’ இந்தக் குடும்பம் இல்லை. பழைய ஆங்கிலத்திலேயே அது இருக்கிறது, அதற்கு முந்தைய வேர் துலங்கவில்லை.

போர்த்துக்கீசியர் வருமுன் தமிழரிடம் பூட்டும் தாழும் இல்லாமலா போயிற்று? ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ என்று குறள் கேட்கிறது. அந்தத் தாழைத் தள்ளித் திறக்கும் கோல், தாழ்க்கோல். மலையாளத்தில் இன்றைக்கும் சாவிக்கு ‘தாக்கோல்’ என்றுதான் பேர். நம்மிடம் ‘திறவுகோல்’ ஏட்டில் தங்கிவிட்டது. தமிழ் விவிலியத்தில் பேதுருவிடம் கொடுக்கப்படுவது பரலோகத்தின் திறவுகோல்கள். இலங்கைத் தமிழர் பேச்சிலோ கோலும் உதிர்ந்து, ‘திறப்பு’ என்ற சொல் சுருக்கமாக நிற்கிறது. ‘திறப்பைக் கொண்டு வா’ என்பார்கள். எனக்கு இந்தச் சொல்லின் மேல் தனி மரியாதை உண்டு. பொருளின் வடிவத்தைச் சொல்லாமல் அது செய்யும் வேலையைச் சொல்கிறது. இரும்புக் கோலாக இருந்தாலும் பிளாஸ்டிக் கூடாக இருந்தாலும் திறந்தால் அது திறப்பு.

அடுத்து ‘லெஸ்’. கார்கள் பிறப்பதற்கு முன்பே ‘கீலெஸ்’ என்ற சொல் கடிகாரக் கடையில் இருந்தது. பழைய பாக்கெட் கடிகாரங்களுக்குச் சின்னச் சாவி ஒன்றால் முறுக்கேற்ற வேண்டும். 1840களில் ஆத்ரியன் ஃபிலிப் என்ற பிரெஞ்சுக்காரர் தலைத்திருகைத் திருகியே முறுக்கேற்றும் அமைப்பைச் செய்தார். அப்படிப்பட்ட கடிகாரம் ‘கீலெஸ் வாட்ச்’ ஆயிற்று. கடிகாரம் பழுது பார்க்கிறவர்கள் அந்த உறுப்புத் தொகுதியை இன்றும் ‘கீலெஸ் ஒர்க்’ என்கிறார்கள். இன்னொன்றும் அங்கிருந்துதான் வந்தது. கார் ரிமோட்டை ‘கீ ஃபாப்’ என்கிறார்களே, அந்த ‘ஃபாப்’ கால்சட்டை இடுப்பில் கடிகாரம் வைக்கத் தைத்த சிறு பை. பையின் பேர் அதில் தொங்கிய சங்கிலிக்குப் போனது, சங்கிலியிலிருந்து அதன் நுனியில் கோத்த பொருளுக்குப் போனது, கடைசியில் சாவியோடு தொங்கும் மின்னணுக் கூட்டுக்கு வந்து சேர்ந்தது.

காருக்கு ‘கீலெஸ் என்ட்ரி’ என்ற பேரைப் பரப்பியது அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம். 1980ஆம் ஆண்டு மாடல்கள் சிலவற்றில் ஓட்டுநர் கதவின் மேல் ஐந்து பட்டன்களை வைத்தார்கள். எண்களை வரிசையாக அழுத்தினால் கதவு திறக்கும். அப்போது இந்தப் பேர் நூற்றுக்கு நூறு உண்மை. கதவைத் திறக்கக் கையில் ஒன்றும் வேண்டாம், எண் மனத்தில் இருந்தால் போதும். அப்புறம் 1982இல் பிரான்சில் ரெனோ ஃபூயேகோ காருக்குத் தூரத்திலிருந்து பூட்டும் ரிமோட் வந்தது. அதைச் செய்தவர் பால் லிப்ஷுட்ஸ். பிரெஞ்சுக்காரர்கள் அவர் பேரைச் சுருக்கி ரிமோட்டுக்கே ‘ப்ளிப்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் ரிமோட்டுக்கும் அதே ‘கீலெஸ்’ ஒட்டிக்கொண்டது. 1993இல் ஷெவர்லே கார்வெட்டில், பையில் வைத்தபடி கிட்டப் போனாலே கதவு திறக்கும் அமைப்பு வந்தது. 1990களின் கடைசியில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் ‘கீலெஸ் கோ’ என்ற பேரில் கதவையும் எஞ்சினையும் சேர்த்துக் கொடுத்தது. அமைப்பு மூன்று முறை மாறிவிட்டது, பேர் மாறவில்லை. எண் பட்டன் காலத்தில் மெய்யாக இருந்த ‘லெஸ்’, இப்போது கை செய்யாத வேலையைத்தான் குறிக்கிறது. திருமறைக்காட்டில் அப்பர் பதிகம் பாடிக் கதவு திறந்த கதைக்கு ‘சாவியில்லா’ பொருந்தும். காருக்குப் பொருந்தாது.

இதில் ஒரு கிளைச் செய்தி: பட்டனை அழுத்திக் கிளப்புவதும் புதிது இல்லை. சாவியைத் திருகினாலே ஸ்டார்டர் சுற்றும் ஏற்பாட்டை 1949இல் கிரைஸ்லர் கொண்டுவந்தது. அதற்கு முன் பல கார்களில் சாவி மின்சாரத்தை மட்டும் திறந்துவிடும். கிளப்புவதற்குத் தனிப் பட்டன் இருந்தது.

இனி, பையில் கிடக்கும் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கதவுப் பிடியில் கை வைத்ததும் வண்டி தன் ஆண்டெனாக்கள் வழியே தாழ்ந்த அலைவரிசையில், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில், ஒரு குரல் கொடுக்கும். அது ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் போகாது. அதைக் கேட்டுச் சாவி விழித்துக்கொண்டு, உயர்ந்த அலைவரிசையில் மறைகுறியிட்ட பதிலை அனுப்பும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இது 433 மெகாஹெர்ட்ஸ் வட்டாரம், அமெரிக்காவில் பெரும்பாலும் 315. பதில் பொருந்தினால் கதவு திறக்கும். உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினால் இதே விசாரணை மறுபடி நடக்கும். அழைப்பு கிட்ட மட்டும் கேட்கும், பதில் தூரம் போகும். கோளாறுகள் பலவற்றின் காரணம் இந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது.

ஆக, அந்தக் கூட்டுக்குள் இருப்பது ஒரு சாவி இல்லை, நான்கு. பட்டன் அழுத்தினால் வேலை செய்யும் ரிமோட் ஒன்று. கிட்டப் போனாலே பதில் சொல்லும் சாவி ஒன்று. பேட்டரியே இல்லாமல் வண்டிக்குப் பதில் சொல்லும் ஒரு சிப். கடைசியாக, ஒரு சின்னத் தாழைத் தள்ளினால் உருவி வரும் இரும்புச் சாவி. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பிரித்துப் பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

ரிமோட் பட்டன் தூரத்திலிருந்தே வண்டியைப் பூட்டுகிறது, ஆனால் கதவுப் பிடியைத் தொட்டால் திறக்கவில்லை என்றால் சாவியின் பேட்டரி மேல் சந்தேகம் வேண்டாம். ஒரு கதவில் மட்டும் இப்படி என்றால் அந்தப் பிடியின் சென்சாரோ ஒயரோதான். எல்லாக் கதவிலும் என்றால் மெனுவில் யாராவது அந்த வசதியை அணைத்திருக்கிறார்களா, இன்னொரு சாவி வண்டிக்குள்ளேயே கிடக்கிறதா என்று பாருங்கள். சாவி உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து பூட்டப் பல வண்டிகள் சம்மதிப்பதில்லை.

பட்டனும் சரியாக வேலை செய்யவில்லை, முன்பு இருபதடியிலிருந்து திறந்தது இப்போது கதவோரம் போனால்தான் திறக்கிறது என்றால், பேட்டரி முடிகிறது. பெரும்பாலான சாவிகளில் சிஆர் 2032 என்ற வில்லைதான் இருக்கும். அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். கடையில் இல்லை என்று 2025ஐக் கொடுத்தால் வாங்காதீர்கள், 2.5 மில்லிமீட்டர் கனம்தான், சாவிக்குள் ஆடும், ஒருநாள் வேலை செய்யும் ஒருநாள் செய்யாது. மாற்றும்போது முதலில் இரும்புச் சாவியை உருவுங்கள். அது இருந்த பள்ளத்தில் ஒரு சிறு வெட்டு தெரியும். துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூடிரைவரை அங்கே வைத்து மெல்லத் திருகினால் கூடு இரண்டாகப் பிரியும். பழைய வில்லையின் கூட்டல் குறி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று பார்த்துக்கொண்டு, புதியதை விளிம்பில் பிடித்து வையுங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தால் மழையோ வேர்வையோ இறங்கியிருக்கிறது.

நடுவழியில் பேட்டரி செத்தால்? இதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். இரும்புச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறக்கலாம். சில வண்டிகளில் சாவித்துளை பிடியின் ஓரத்தில் ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கும். திறந்ததும் அலாரம் அலறலாம், பதற வேண்டாம். பிரேக்கையோ கிளட்சையோ மிதித்துக்கொண்டு, சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து, அந்தச் சாவியாலேயே பட்டனை அழுத்துங்கள். பல வண்டிகளில் பட்டனைச் சுற்றி ஒரு சுருள் இருக்கிறது. அதன் காந்தப்புலத்திலிருந்தே சிப்புக்கு வேண்டிய மின்சாரம் கிடைத்துவிடும், வண்டி கிளம்பும், அலாரமும் ஓயும். சிலவற்றில் அந்த இடம் கப் ஹோல்டரின் அடியிலோ ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலோ இருக்கும். உங்கள் வண்டிக்கு எங்கே என்று கையேட்டில் இன்றைக்கே பார்த்துவையுங்கள். அங்கே வைத்தும் சாவியைக் காணவில்லை என்றே வண்டி சொன்னால் சிப்பையோ அதன் பதிவையோ பார்க்க வேண்டும். அது பட்டறை வேலை.

சாவி நன்றாக இருந்தும் வண்டி ‘காணவில்லை’ என்று சொல்லும் சமயங்களும் உண்டு. செல்போனோடு ஒரே பையில் இருந்தால் சொல்லக்கூடும். ஒயர்லெஸ் சார்ஜர் மேல் வைத்தாலும் குழம்பலாம், ஏனென்றால் அந்தச் சார்ஜர்கள் வேலை செய்வது கிட்டத்தட்ட 100 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வரை, வண்டி குரல் கொடுக்கும் அதே வட்டாரம். மலிவான யுஎஸ்பி சார்ஜரும் டேஷ் கேமராவும் இரைச்சல் கிளப்பும், கழற்றிவிட்டுப் பாருங்கள். வண்டியோடு வந்த இரண்டு சாவியுமே வேலை செய்யவில்லை என்றால் குறை வண்டிப் பக்கம், பெரும்பாலும் வண்டியின் 12 வோல்ட் பேட்டரி. விளக்கு மங்கும், அழுத்தினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வரும்.

இன்னொன்று: மீட்டர் எல்லாம் எரிகிறது, சாவி எச்சரிக்கையும் இல்லை, எஞ்சின் மட்டும் சுற்றவில்லை. பழியைச் சாவி மேல் போடாதீர்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை மிதித்து, பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் பெடல் சுவிட்ச் அல்லது அதன் ஃபியூஸ். கியர் ‘பி’யில், அதாவது பார்க் நிலையில், இருக்கிறதா? ஸ்டியரிங் பூட்டு இறுகியிருந்தால் சக்கரத்தை இப்படியும் அப்படியும் அசைத்தபடி பட்டனை அழுத்தினால் விடும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? இல்லாததைச் சொல்லும் ‘சாவியில்லா’வை விட்டு, இருப்பதைச் சொல்வோம். வேலை நடப்பது அருகில் வருவதை உணர்வதால். ‘அண்மைச் சாவி’ என்றால் சமீபத்தில் வந்த சாவி என்று பொருள் திரியும். ‘அருகுணர் சாவி’ சரியாக இருக்கும் என்பது என் கருத்து. தனித்தமிழ் வேண்டுவோர் ‘அருகுணர் திறவி’ எனலாம். பதிவாகாத சாவியால் எஞ்சின் கிளம்பாமல் தடுக்கும் ‘இம்மொபிலைசர்’ லத்தீன் வேரிலிருந்து வந்த சொல், ‘அசையாமல் செய்வது’ என்று பொருள்; அதற்கு ‘முடக்கி’ போதும். பட்டறையில் ‘சிப்’ என்பதை ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்பாண்டர்’ என்பார்கள். அனுப்புவது, பதில் சொல்வது என்ற இரண்டு சொற்களை வெட்டி ஒட்டியது அது. ‘மறுமொழிச் சில்லு’ என்று எழுதலாம். ரிமோட் ரிமோட்டாகவே இருக்கட்டும், அதை மாற்றி எழுதினால் யாருக்கும் விளங்காது.

‘அருகுணர்’ என்ற பேருக்கு இன்னொரு பயன் உண்டு, அது பலவீனத்தையும் சொல்லிவிடுகிறது. சாவி உண்மையிலேயே அருகில் இருக்கிறதா என்று பழைய அமைப்புகள் அளப்பதில்லை. பதில் வந்தால் அருகில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். சூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அழைப்பைக் கருவியால் தூரத்திலிருக்கும் சாவிக்குக் கடத்தி, எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களைத் திறந்து கிளப்பிக் காட்டினார்கள். இதைத் தடுக்க, அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும் சாவிகள் வந்திருக்கின்றன. மேசை மேலிருந்த சாவிக்கு வண்டி மசியவில்லை என்றால் ஒருமுறை கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள், அது பழுது இல்லை.

ஓடும் வண்டியிலிருந்து சாவியோடு ஒருவர் இறங்கிப் போய்விட்டால் எச்சரிக்கை ஒலி வரும், எஞ்சின் நிற்காது. அது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அடுத்த பெட்ரோல் பங்க்கில் அணைத்துவிட்டால் மறுபடி கிளப்ப முடியாது. மனைவியின் கைப்பையிலிருந்த சாவி ரயிலேறிப் போவதெல்லாம் இப்படித்தான். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இரண்டு சாவியையும் கேட்டு வாங்கி, இரண்டாலும் கிளப்பிப் பாருங்கள். ஒன்று தொலைந்துவிட்டது என்றால், பட்டறையில் அந்தச் சாவியின் பதிவை வண்டியிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள்.