டெம்பர் என்றால் கடினப்படுத்தலா?

பழைய அரத்தைக் கத்தியாக்கும் காணொளிகளில், கடினமான எஃகை மிதமாகச் சூடாக்கும் படிக்கு 'டெம்பர்' என்று வந்தாலே, தமிழில் 'கடினப்படுத்தல்' என்று போட்டுவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. டெம்பர் செய்தால் எஃகின் கடினம் ஏறுவதில்லை ஐயா, இறங்குகிறது!

லத்தீனில் 'டெம்பராரே' என்றால் அளவாகக் கலத்தல், மட்டுப்படுத்தல். டெம்பரேச்சரும் அந்த வழியில் வந்ததே. ஆங்கிலத்தில் டெம்பரை இழந்தால் கோபம். நம்மூரில் 'டெம்பர் ஆகிட்டான்' என்றால் கோபம். அது போகட்டும்.

கடினப்படுத்தல் என்ற சொல்லுக்கு உரிய வேலை வேறு. கார்பன் எஃகைக் காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயிலோ நீரிலோ சட்டென்று முக்குவது அது. அதற்கும் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. அரிவாள் அடிக்கிறவர்கள் துவைச்சல், தோய்ச்சல் என்று சொல்வது அதைத்தான். முக்கி எடுத்த எஃகு மகா கடினம், ஆனால் கீழே விழுந்தால் உடைந்துபோகும். அப்புறம் அதை 200 முதல் 230 டிகிரி செல்சியஸில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் வைத்து, கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து உடையாத உறுதியை வாங்குகிறோமே, அது டெம்பர். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பின் மேல் வைக்கோல் நிறம் படர்ந்தால் சரியாக வந்திருக்கிறது என்று பொருள்.

பெயரை மாற்றி வைத்தால் என்ன ஆகும்? அரம் கடையில் வாங்கும்போதே கடினப்பட்டதுதான். 'கடினப்படுத்துங்கள்' என்று படித்தவர் அதை மறுபடி அடுப்பில் சிவக்க வைப்பார். இல்லையென்றால், 'ஏற்கெனவே கடினமாகத்தானே இருக்கிறது' என்று அந்தப் படியையே விட்டுவிட்டு, கத்தியை இரண்டு துண்டாக எடுப்பார். இயந்திர மொழிபெயர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போய் 'தாளித்தல்' என்கிறது. கடுகு, உளுத்தம்பருப்பு எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் அதைப் படித்து யாரும் கத்தியைக் கெடுக்கமாட்டார்கள். ஆபத்து, சரி போலத் தோன்றும் தப்பில்தான்.

எதிர்க்கட்சிக்கு ஒரு வலுவான வாதம் உண்டு. கிரைண்டரில் அழுத்தித் தேய்த்து விளிம்பு நீலமானால் 'டெம்பர் போச்சு' என்கிறோம். சுமார் 300 டிகிரி தொட்டுவிட்டது, கடினம் போயிற்று. ஆகவே டெம்பர் என்றால் கடினம்தானே என்பார்கள். இல்லை. அங்கே போனது அளவு. கடினமும் உறுதியும் சேர்ந்து நின்ற நிலை. அதற்குத் தமிழில் பதம் என்று பெயர். பாகுக்கும் பதம், கத்தியின் கூருக்கும் பதம். 'பதமிடல்' என்றால் வேலை, 'பதம் போச்சு' என்றால் கேடு. இரண்டு இடத்திலும் பொருந்துகிறது. 'பதப்படுத்தல்' என்று சிலர் எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் மீன் டப்பாவும் தோல் தொழிற்சாலையும் நினைவுக்கு வருகின்றன. பதம் வடசொல் என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: சொல் என்று பொருள்படும் பதம் வேறு, பாகுபதம் வேறு என்பது என் கட்சி.

எல்லா எஃகுக்கும் இந்த நீலக் கணக்கு பொருந்தாது. ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) எஃகில் செய்த பவர் ஹாக்ஸா பிளேடை, அதாவது இரும்பு அறுக்கும் இயந்திர ரம்பத்தின் அலகை, கத்தியாக்கத் தேய்க்கும்போது விளிம்பு நீலமானாலும் ஒன்றும் ஆவதில்லை. டங்ஸ்டன், மாலிப்டினம் கலந்த அந்த எஃகுக்குப் பதமிட்ட சூடே சுமார் 550 டிகிரி. அதைத் தாண்டினால்தான் பதம் போகும். அந்த பிளேடைத் தண்ணீரில் முக்கி முக்கித் தேய்க்காதீர்கள், விளிம்பில் விரிசல் விடும். அரத்தில் செய்த கத்தியை மட்டும், கை சுடும்முன் முக்குங்கள்.