காலைக் கூட்டம் யாருக்காக?

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. தினமும் காலைக் கூட்டம் போடும் இடங்கள் நிறைய உண்டு. நடுவில் மேனேஜர் நிற்பார். ஒவ்வொருவராக அவர் முகத்தைப் பார்த்து நேற்று செய்ததை ஒப்பிப்பார்கள். தன் முறை முடிந்தவர் அதற்கப்புறம் எதையும் கேட்பதில்லை.

இதில் என்ன நஷ்டம்? விறகு ஈரமாக வந்தால் இலையை உலர்த்தும் டிரையரில் சூடு சரியாக ஏறாது. டிரையர் சுணங்கினால் அரைத்த இலை தேவைக்கு மேல் நொதித்து, டீ சப்பென்று ஆகிவிடும். இலை அரைப்பவர் வேகத்தைக் குறைத்தால் போதும். ஆனால் விறகு விஷயம் மேனேஜரிடம் சொல்லப்பட்டதே தவிர, பக்கத்தில் நின்ற அரைப்பவர் காதில் விழவில்லை.

மென்பொருள் துறையில் ஸ்க்ரம் என்ற குழுவேலை முறையை உருவாக்கிய கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் தினசரிக் கூட்டத்துக்கு 15 நிமிடம்தான் வைத்தார்கள். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்ற மூன்று கேள்விகள் அதில் பிரபலமாயின. 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் அந்தக் கேள்விகளையே எடுத்துவிட்டார்கள். குழு தன் இலக்கை நோக்கிப் போகிறதா, அடுத்து என்ன செய்யப்போகிறது என்பது தெரிந்தால் சரி.

ஆளைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள் என்பேன். அதுவும் கடைசியிலிருந்து: பேக்கிங், தரம்பிரிப்பு, டிரையர், அரைவை, வாட்டல், அப்புறம் பச்சை இலை வரத்து. எங்கே தேங்குகிறது என்பது இப்படிப் போனால் சட்டென்று தெரியும். தீர்வை அங்கேயே அலச வேண்டாம். "முடிஞ்சதும் நாம மூணு பேரும் பேசிக்கலாம்" என்று ஒருவர் சொல்லிவிட வேண்டும். கூட்டத்தை இழுப்பவர் பெரும்பாலும் மேனேஜர்தான் என்பதால், இதைச் சொல்லும் உரிமையை அவரே ஒருவருக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியம், கெட்ட செய்தி சொன்னவரை எல்லார் முன்னாலும் திட்டக் கூடாது. பெல்ட் தேய்ந்துவிட்டது என்று சொன்னவர் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டால், மறுநாளிலிருந்து "எல்லாம் சரியா இருக்கு சார்" என்ற பதில்தான் வரும். பெல்ட் அறுந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். மேனேஜர் ஓர் ஓரமாக நின்று கடைசியில் மட்டும் பேசினாலே பாதி பயம் குறைந்துவிடும்.

நேரமும் முக்கியம். இலை இரவெல்லாம் வாடுகிறது. மழைக்காலத்தில் நனைந்த இலைக்கு இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும். அதன் நிலையை அறிந்த இரவு ஷிப்ட்காரர் வீட்டுக்குப் போன பிறகு ஒன்பது மணிக்குக் கூட்டம் வைத்து என்ன பயன்? ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்றபடியே நடத்துங்கள். ஜனவரிக் குளிரில் வெளியே நடத்தினால் யாரும் நீட்டி முழக்க மாட்டார்கள் என்பது தனி வசதி.

இலை ஏற்றப் போகும் வண்டிக்காரர்களை இதற்காக நிறுத்திவைக்க வேண்டாம். எந்தப் பக்கம் எவ்வளவு இலை வரும், பாதையில் மண் சரிந்திருக்கிறதா என்று முன்கூட்டியே போனில் கேட்டுப் பலகையில் எழுதிவிடலாம்.