கட்டுச்சோற்றோடு வரும் குழந்தை

ஒரு லிட்டர் தாய்ப்பாலில் இருக்கும் இரும்புச்சத்து ஏறக்குறைய 0.35 மில்லிகிராம். பச்சிளங்குழந்தை நாளொன்றுக்குச் சுமார் 780 மில்லி பால் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குக் கிடைப்பது 0.27 மில்லிகிராம். ஆறு மாதத்துக்கும் சேர்த்துக் கூட்டினாலும் 50 மில்லிகிராமைத் தாண்டாது. அதிலும் ஒரு பகுதியைத்தான் குடல் உறிஞ்சுகிறது. இந்தக் கணக்கைக் காட்டி, "உன் பாலில் சத்து போதாது" என்று இளம் தாய்மாரைக் கலங்கவைப்பவர்கள் இருக்கிறார்கள். எண்கள் சரிதான். ஆனால் குழந்தைக்கு வேண்டிய இரும்பு முழுவதும் பால் வழியாகத்தான் வரவேண்டும் என்று அவர்கள் நினைப்பதுதான் பிழை.

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் உடலில், ஒரு கிலோ எடைக்குச் சுமார் 75 மில்லிகிராம் இரும்பு இருக்கும். மூன்று கிலோ குழந்தை என்றால் 225 மில்லிகிராம். ஆறு மாதப் பாலில் வருவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்! வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொள்வதுபோல, முதல் சில மாதங்களுக்கான இரும்பைக் குழந்தை தன்னோடு கொண்டுவந்துவிடுகிறது. அதன் பெரும்பகுதி ரத்தத்தில் ஹீமோகுளோபினாக ஓடுகிறது. மீதியில் ஒரு பங்கு ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் அடைபட்டுக் கல்லீரலில் கிடக்கிறது.

இந்தச் சேமிப்பின் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில், நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தத்திலிருந்து வந்து சேர்வது. எனவே குறைப்பிரசவக் குழந்தை சேமிப்பு முடியும் முன்பே பிறந்துவிடுகிறது. பிறகு வேகமாக வளரவும் செய்கிறது. எடை மிகக் குறைந்து பிறந்து தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு, இரண்டு வார வயதிலிருந்தே நாள்தோறும் கிலோ எடைக்கு 2 முதல் 4 மில்லிகிராம் இரும்புச் சொட்டு மருந்து தரும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்வது அதனால்தான். கர்ப்ப காலத்தில் தாய்க்குக் கடும் ரத்தசோகை இருந்தாலும் குழந்தையின் கையிருப்பு குறையும்.

பிறந்த பிறகு நடப்பது இன்னும் அழகானது. கருவறையில் ஆக்சிஜன் குறைவு. அதைச் சமாளிக்க நிறைய ஹீமோகுளோபின் தேவைப்பட்டது. அதனால் பிறக்கும்போது அதன் அளவு டெசிலிட்டருக்கு (100 மில்லி ரத்தத்துக்கு) 17 கிராம் அளவில் இருக்கும். காற்றைச் சுவாசிக்கத் தொடங்கியதும் அவ்வளவு வேண்டியதில்லை. புதுச் சிவப்பணு உற்பத்தி மந்தமாகிறது, பழைய அணுக்கள் சிதைகின்றன, இரண்டு மாத வாக்கில் அளவு 11 கிராமுக்கு அருகே இறங்கிவிடுகிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் இதைப் பார்த்துப் பெற்றோர் பதறுவார்கள். நிறைமாதக் குழந்தையில் இது இயல்பான இறக்கம். சிதைந்த அணுக்களின் இரும்பு வீணாவதில்லை. அது சேமிப்புக்குள் போகிறது. பின்னர் குழந்தை எடை கூடி, ரத்தத்தின் அளவும் பெருகும்போது வெளியே எடுக்கப்படுகிறது.

இந்தச் சேமிப்பை ஒரே தாவலில் உயர்த்தும் வாய்ப்பு ஒன்று பிரசவ அறையிலேயே இருக்கிறது. குழந்தை வெளியே வந்தபின்னும் நஞ்சுக்கொடியிலிருந்து தொப்புள்கொடி வழியாக ரத்தம் பாய்ந்துகொண்டிருக்கும். உடனே கொடியை இடுக்கிவிடாமல் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுத்தால், 80 முதல் 100 மில்லி ரத்தம் கூடுதலாகக் குழந்தைக்குள் போகும். 80 மில்லி என்றே வைத்தாலும் அதில் இருக்கும் இரும்பு சுமார் 45 மில்லிகிராம். ஆறு மாதப் பால் முழுவதிலும் உள்ள இரும்புக்கு ஏறக்குறைய சமம்! ஸ்வீடனில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், கொடியை உடனே இடுக்கிய குழந்தைகளில் 5.7 சதவீதத்தினருக்கு நான்காவது மாதத்தில் இரும்புக் குறைபாடு இருந்தது. மூன்று நிமிடம் பொறுத்தவர்களில் 0.6 சதவீதம். குழந்தை நலமாகப் பிறந்திருந்தால் காத்திருக்கச் செலவேதும் இல்லை. பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் இதைக் கேட்டுவைப்பது நல்லது.

சரி, பாலில் ஏன் இவ்வளவு குறைவாக வைக்கவேண்டும்? இரும்பு நமக்கு மட்டும் உணவல்ல. ஈ.கோலை போன்ற குடல் பாக்டீரியாக்கள் இரும்பு இல்லாமல் பெருக முடியாது. அதைப் பிடித்துவருவதற்கென்றே சிறு மூலக்கூறுகளைத் தயாரித்து வெளியே அனுப்பக்கூடியவை அவை. பிறந்த குழந்தையின் குடலோ இப்போதுதான் கிருமிகளைச் சந்திக்கத் தொடங்கியிருக்கிறது. தாய்ப்பாலில் லாக்டோஃபெரின் என்றொரு புரதம் உண்டு. ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு இரும்பு அணுக்களை இறுகப் பற்றும். ஆனால் பாலில் இருக்கும்போது அதன் பிடிகளில் மிகப் பெரும்பாலானவை காலியாகவே இருக்கும். அந்தக் காலிப் பிடிகளோடு குடலுக்குள் போய், அங்கே அலையும் இரும்பைக் கிருமிகளுக்கு எட்டாமல் பிடித்துக்கொள்கிறது. லாக்டோபேசில்லஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்களுக்கோ இரும்புத் தேவை மிகக் குறைவு. அவை தடையின்றி வளர்கின்றன. முதல் நாள்களில் சுரக்கும் சீம்பாலில் இந்தப் புரதம் இன்னும் பல மடங்கு செறிவாக இருக்கும். 1972இல் பிரிட்டனில் செய்த சோதனையொன்று இதைத் தெளிவாகக் காட்டியது: ஈ.கோலையின் வளர்ச்சியை அடக்கிவந்த தாய்ப்பாலின் ஆற்றல், இரும்பைச் சேர்த்ததும் இல்லாமல் போனது.

தாய் இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் பாலில் இரும்பு ஏறாது. மிதமான ரத்தசோகை இருந்தாலும் இறங்காது. மார்பகச் சுரப்பி அதைத் தானே கட்டுப்படுத்துகிறது. பாலூட்டும் தாய் நன்றாகச் சாப்பிட வேண்டும், தேவையென்றால் மாத்திரையும் எடுக்கவேண்டும். அது அவள் உடலுக்காக. பிரசவத்தில் இழந்த ரத்தத்தை அவள் திரும்பப் பெறவேண்டும். பாலைக் குறைசொல்லி அவளைச் சாப்பிடவைப்பது அநியாயம்.

ஆறு மாத வாக்கில் சேமிப்பு ஏறக்குறையத் தீர்ந்துவிடும். 7 முதல் 12 மாதம் வரையான குழந்தைக்கு நாளுக்கு 11 மில்லிகிராம் தேவை என்பது அமெரிக்கப் பரிந்துரை. எடையோடு ஒப்பிட்டால் வளர்ந்த ஆணின் தேவையைவிட எத்தனையோ மடங்கு. இந்த வயதில் தாமதம் கூடாது. இரும்பு தட்டுப்பட்டால் உடல் முதலில் சிவப்பணுக்களுக்குத்தான் பங்கு கொடுக்கும், மூளைக்கு அப்புறம்தான். ரத்தசோகை வெளியே தெரியும்போது, நரம்புகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறையைக் கட்டிக்கொண்டிருக்கும் மூளை முன்னரே பட்டினி கிடந்திருக்கலாம். மசித்த இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, கீரை ஆகியவை இணை உணவில் இடம்பெற வேண்டும்; தாவர உணவின் இரும்பு எளிதில் உறிஞ்சப்பட, வைட்டமின் சி நிறைந்த பழம் ஒன்று கூடவே இருந்தால் போதும்.

அதற்காக முன்கூட்டியே எல்லாக் குழந்தைக்கும் சொட்டு மருந்து கொடுப்பது சரியா? தாய்ப்பாலையே பெரிதும் நம்பியிருக்கும் குழந்தைக்கு நான்காம் மாதத்திலிருந்து கொடுக்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. நிறைமாதக் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை. ஸ்வீடனிலும் ஹோண்டுராஸிலும் நடந்த ஆய்வில், ஏற்கெனவே போதிய இரும்பு இருந்த குழந்தைகளுக்கு மேலும் கொடுத்தபோது உயரம் கூடுவது சற்றுக் குறைந்தது. குழந்தையை அறிந்த மருத்துவர் பார்த்து முடிவு செய்வதே முறை. மாட்டுப்பாலைத் தவிர்ப்பதில் மட்டும் தயக்கமே வேண்டாம். அதிலும் இரும்பு குறைவு. இருப்பதும் சரியாக உறிஞ்சப்படாது. சில குழந்தைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவையும் உண்டாக்கும். ஒரு வயது முடியும்வரை தாய்ப்பாலுக்குப் பதிலாக அதைக் கொடுக்கக் கூடாது.