நிகழ்ச்சி மறந்துபோகும், மகிழ்ச்சி எங்கே போகிறது?

முதுமறதியுள்ள தம் தாயாரைத் தாதிமை இல்லத்தில் சேர்த்திருக்கும் வாசகர் ஒருவர், சென்ற தீபாவளியன்று நடந்ததை விவரித்து ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். இல்லத்தில் அன்று காலை முழுவதும் கொண்டாட்டம். தொண்டூழியர்கள் கோலமிட்டார்கள், பழைய பாடல்களைப் பாடினார்கள், கடிக்க முடியாதவர்களுக்கு முறுக்கைப் பொடித்துப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தார்கள். தாயார் கைதட்டிச் சிரிக்கும் காணொளியைத் தாதி அனுப்பியிருந்தார். வேலை முடிந்து மாலையில் ஆசையோடு சென்ற மகன், "தீபாவளி எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்க, "இங்க யாருமே வரலையே" என்று அவர் சொல்லிவிட்டாராம். சில மணி நேரம்கூட நினைவில் நிற்காத ஒன்றுக்கு இவ்வளவு உழைப்பும் செலவும் தேவையா என்பது வாசகரின் கேள்வி.

நினைவில் நிற்காத ஒன்று நிகழாததற்குச் சமம் என்று நாம் எல்லோருமே எண்ணிக்கொள்கிறோம். மூளை அப்படிக் கணக்கு வைப்பதில்லை. அது எப்படிக் கணக்கு வைக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதுமறதி நோய்களில் மிகப் பரவலானது ஆல்சைமர் என்பது பலருக்கும் தெரியும். அந்நோய் தொடக்கத்திலேயே தாக்கும் பகுதிகளுள் ஒன்று, கடற்குதிரையின் வடிவத்தை ஒத்திருப்பதால் கிரேக்க மொழியில் அப்பெயரையே பெற்ற ஹிப்போகாம்பஸ். இன்று யார் வந்தார், என்ன பேசினார், என்ன சாப்பிட்டோம் என்ற விவரங்களைக் கோத்து ஒரு நிகழ்ச்சியாகப் பதிவு செய்வது அதன் வேலை. அதற்குச் சற்று முன்னால், ஏறக்குறைய ஒட்டினாற்போல, வாதுமைக் கொட்டை அளவில் அமிக்டலா என்னும் பகுதி இருக்கிறது. ஒரு நிகழ்வு நமக்கு நல்லதா, ஆபத்தானதா, இனியதா என்ற சாயலை ஏற்றி, இதயத் துடிப்பையும் வியர்வையையும் அதற்கேற்ப மாற்றுவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. இவ்விரண்டு அண்டை வீட்டார்களும் ஒரே நிகழ்ச்சியைத் தனித்தனிக் கணக்கேடுகளில் எழுதுகிறார்கள் என்பதை அறிவியல் கண்டறிந்த கதை, எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஜெனீவாவில் எடுவார் கிளாபரேட் என்ற மருத்துவர், புதிய நினைவுகளைத் தக்கவைக்க முடியாத ஒரு பெண்ணைக் கவனித்து வந்தார். அன்றாடம் பார்க்கும் மருத்துவர்களையே அப்பெண்ணுக்கு அடையாளம் தெரியாது. ஒவ்வொரு சந்திப்பும் முதல் சந்திப்புதான். ஒரு நாள் கிளாபரேட் தம் விரல்களுக்கிடையே குண்டூசி ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு அவரிடம் கைகுலுக்கினார். ஊசி குத்தியது, சற்று நேரத்தில் அந்தச் சம்பவம் அவர் மனத்தை விட்டு அகன்றது. ஆனால் மருத்துவர் மீண்டும் கையை நீட்டியபோது அவர் சட்டென்று தம் கையை இழுத்துக்கொண்டார். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வற்புறுத்திக் கேட்டபோது, கைக்குள் சில சமயம் ஊசி மறைந்திருப்பதுண்டு என்ற அளவில் பதில் வந்தது. 1911ஆம் ஆண்டு வெளியான இக்குறிப்பை இன்று படித்தால் நோயாளியின் மீது இரக்கம் பிறக்கிறது. அவ்வாறு ஒரு சோதனையை இக்காலத்தில் எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. எனினும் நிகழ்ச்சி அழிந்தபின்னும் அதன் வலி தங்கியிருக்கும் என்பதை அந்த ஒரு கைகுலுக்கல் காட்டிவிட்டது.

இது மூளையில் எங்கே பிரிகிறது என்பதை 1995இல் ஓர் ஆய்வு தெளிவாக்கியது. அமிக்டலா மட்டும் பழுதடைந்தவர், ஹிப்போகாம்பஸ் மட்டும் பழுதடைந்தவர் ஆகியோருக்கு வண்ணங்களைக் காட்டி, ஒரு குறிப்பிட்ட வண்ணம் தோன்றும்போது மட்டும் படகுச் சங்கைப் பெருஞ்சத்தத்துடன் ஒலிக்கச் செய்தார்கள். முதலாமவர், எந்த வண்ணத்தோடு சத்தம் வந்தது என்பதைச் சரியாகச் சொன்னார்; ஆனால் அந்த வண்ணத்தை மட்டும் காட்டியபோது அவர் தோலில், நம்மைப் போல எதிர்பார்ப்பினால் அரும்பும் நுண்ணிய வியர்வை தோன்றவில்லை. இரண்டாமவர் எதையும் சொல்ல முடியாமல் விழித்தார். அவர் தோலோ வண்ணத்தைக் கண்டவுடன் வியர்த்தது. ஒருவருக்குச் செய்தி இருந்தது, உணர்வு இல்லை. மற்றவருக்கு உணர்வு இருந்தது, செய்தி இல்லை.

முதுமறதிக்கு நேரடியாகப் பொருந்தும் சான்று 2014இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஆல்சைமர் நோயாளிகள் 17 பேருக்கும் நலமுள்ளவர்கள் 17 பேருக்கும் சோகக் காட்சிகளையும், பிறகு மகிழ்ச்சிக் காட்சிகளையும் சுமார் 20 நிமிடங்கள் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்து என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், நலமுள்ளவர்கள் சராசரியாக 30 விவரங்கள் சொல்ல, நோயாளிகள் சிலரால் ஒன்றைக்கூடச் சொல்ல இயலவில்லை. ஆனால் அந்தச் சோகமும் மகிழ்ச்சியும் அரை மணி நேரம் வரை அவர்களிடம் நீடித்தன. குறைவாக நினைவு வைத்திருந்தவர்களிடம் சோகம் கூடுதல் நேரம் தங்கியதும் தெரியவந்தது. நமக்கு மனம் கனத்தால் காரணத்தை நினைத்துப் பார்த்து, அது வெறும் படம்தானே என்று தேற்றிக்கொள்கிறோம். காரணம் மறந்தவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கும் என்று இதை விளங்கிக்கொள்ளலாம். 17 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அமிக்டலாவும் இந்நோயில் நாளடைவில் சுருங்கும், அரை மணிக்கு அப்பால் என்ன நடக்கும் என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், வாசகரின் தாயார் அன்று காலை பெற்ற மகிழ்ச்சி, நிகழ்ச்சி மறந்த கணத்திலேயே தானும் மறைந்திருக்க வேண்டியதில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

இல்லங்கள் ஒரு கருப்பொருளை வைத்துக் கொண்டாட்டம் நடத்துவதற்கும் தனிக் காரணம் உண்டு. நம் வாழ்க்கை நினைவுகளில் ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலானவை மற்றவற்றைவிடத் தடித்துப் பதிகின்றன. 1945இல் பிறந்தவர் ஒருவருக்கு அது 1955இலிருந்து 1975 வரையிலான சிங்கப்பூர்: கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடு, மண்ணெண்ணெய் விளக்கு, பின்னர் முதல் அடுக்குமாடி வீடு. அதனால் 'கம்பத்து நாள்' வைத்தால் மூத்தோர் கண்கள் விரிகின்றன. பெரும்பான்மையோர் வேறு மொழி பேசும் இல்லத்தில் ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழிப் பாட்டுக்கும் பிங்கோ விளையாட்டுக்கும் நடுவே பேசாமல் அமர்ந்திருக்கும் தமிழ் மூதாட்டிக்கு, ஒரு தமிழ்ப் பாடல் ஒலிப்பது எவ்வளவு பெரிது என்பதை இல்ல நிர்வாகிகள் இன்னும் கருத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

என் அத்தை, பிரிட்டிஷ் படைகள் இருந்த காலத்தில் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். அவர் இருந்த இல்லத்தில் அத்தகைய ஒரு நாளில், தட்டு நிறைய மல்லிகை மொட்டுகளையும் நூல்கண்டையும் அவர் முன்னால் வைத்தார்கள். எப்படிக் கட்டுவது என்று சொல்லிக் கொடுக்கும்படி தொண்டூழியப் பெண் கேட்டபோது அத்தைக்கு வார்த்தை வரவில்லை. கைக்கு வந்தது. இரண்டு மொட்டுகள் இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்து ஒரு சுற்று, விரலில் நூலைத் திருப்பி ஒரு வளையம், மாட்டி ஓர் இழுப்பு. கைப்பழக்கங்களை முக்கியமாகப் பேணுவது மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள முடிச்சுகளும் சிறுமூளையும். ஆல்சைமர் அவற்றைச் சற்றுத் தாமதமாகவே எட்டுகிறது. கட்டி முடித்தபின் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வைத்து முழம் போட்டு, துண்டாக்கி, அருகில் நின்ற ஃபிலிப்பீன்ஸ் தாதியிடம் நீட்டினார். அன்று இரவு, வழக்கமாகத் தட்டைத் தள்ளிவிடும் அத்தை, தகராறு இல்லாமல் சாப்பிட்டதாகத் தாதி சொன்னார். ஒரு நாளை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதை அறிவேன்; ஆனாலும் அந்த இரவு எனக்கு மறக்கவில்லை.

இதே பொறிமுறைக்கு மறுபக்கமும் உண்டு. அதைப் பற்றி நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம். குளிக்க அவசரப்படுத்தியது, பலர் முன்னிலையில் அதட்டியது, உறுமிமேளத்தைச் செவி அதிரக் கொட்டியது ஆகியவையும் நிகழ்ச்சியாக மறந்து, கலக்கமாகத் தங்கும். மாலையில் காரணமின்றி அழுகிறார் என்று நாம் எண்ணுவதற்குக் காலையில் காரணம் இருந்திருக்கலாம். பெருங்கூட்டத்தை அழைத்துப் படம்பிடித்து முடிக்கும் விழாவைவிட, ஏழெட்டுப் பேரை அமர்த்தி, மெல்லிய ஒலியில், அவசரமில்லாமல் நடக்கும் ஒரு மணி நேரம் மேலானது என்பது என் கருத்து. 'ஞாபகம் இருக்கா?' என்ற கேள்வியை இத்தகைய இடங்களில் தவிர்ப்பது நல்லது. அது முதியவரைத் தேர்வறையில் நிறுத்திவிடுகிறது. பூர்வஜென்மப் பாவம், செய்வினை என்று இந்நோய்க்குக் காரணம் சொல்லி, உறவினர் முன்னிலையில் அவர்களைக் காட்டாமல் ஒளித்து வைக்கும் வழக்கம் நம் குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் இருப்பதும் எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் ஆய்வுப்படி 2013இல் 60 வயதுக்கு மேற்பட்டோரில் பத்தில் ஒருவருக்கு முதுமறதி இருந்தது. 2023இல் அது 8.8 விழுக்காடாகக் குறைந்திருந்தாலும், முதியோர் தொகை பெருகுவதால் நோயாளிகள் குறைந்துவிடப் போவதில்லை. மருந்து ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கப்படுவது நியாயமே. ஆயினும் பூக்கட்டும் ஒரு மணி நேரத்திற்குப் பிறகு முதியவரின் உறக்கமும் உணவும் முகமும் எப்படி மாறுகின்றன என்பதை அளக்கும் ஆய்வுக்கும் பணம் வேண்டும். கடந்த கால நினைவூட்டல் சிகிச்சையின் பலன் சிறியது, சீரற்றது என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட மீளாய்வு கூறியது. அதை மறுக்க எனக்கு ஆதாரமில்லை. ஆனால் நினைவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு ஒரு காலைப்பொழுதின் மகிழ்ச்சியை எடைபோட முடியாது.

வாசகருக்கு ஒரு யோசனை: அடுத்த முறை மாலையில் செல்லும்போது, என்ன நடந்தது என்று தாயாரிடம் கேட்க வேண்டாம். மத்தியானம் எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்பதைத் தாதியிடம் கேட்டுவிட்டு, அந்தக் காணொளியை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அத்தையிடம் நான் மல்லிகைச் சரத்தின் படத்தை மறுநாள் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தவர், "யாரு கட்டுனது? நல்லா நெருக்கமா கட்டிருக்கா" என்றார்.