ரியூனிங்: பண்ணுதலும் பண்ணமைவும்

கிளிநொச்சிக்குத் தெற்கே ஓர் ஊரில், தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசிக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். கனடாவில் இருக்கும் அவருடைய அண்ணன் அனுப்பிய பெடல் ஸ்டீல் கிற்றார் சென்ற மாசியில் வந்து சேர்ந்தது. நான்கு கால்களில் நிற்கும் ஒடுக்கமான மேசை போன்ற உடல், அதன்மேல் பன்னிரண்டு கம்பிகள், கீழே பெடல்கள், முழங்காலால் தள்ளும் நெம்புகள். வழியில் அறுந்துவிடாதபடி எல்லாக் கம்பிகளையும் தளர்த்தித்தான் அனுப்பியிருந்தார்கள். "சேர், இதை எந்த ரியூனிங்கில் வைப்பது?" என்று கேட்டார். பிள்ளைகள் பார்த்துப் படிக்க ஒரு மட்டையில் எழுதி ஒட்டப் போகிறாராம். அந்த ரியூனிங் என்பதைத் தமிழில் என்னவென்று எழுதலாம் என்பது அடுத்த கேள்வி.

ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லே இரண்டு பொருளைச் சுமக்கிறது. ஆணியை முறுக்கிக் கம்பியை உரிய ஒலிக்குக் கொண்டுவரும் செயலும் ரியூனிங். எந்தக் கம்பி எந்தச் சுரத்தில் நிற்க வேண்டும் என்ற ஏற்பாடும் ரியூனிங். நாம் வழங்கும் 'சுருதி கூட்டுதல்', 'சுருதி சேர்த்தல்' இரண்டும் செயலை மட்டும் குறிக்கின்றன. ஈ9, சி6 என்று பெயர் பெற்ற ஏற்பாடுகளைச் சுருதி என்று எழுதினால், பாடகர் "எனக்கு இரண்டரைக் கட்டைச் சுருதி" என்று சொல்வதோடு குழம்பிப்போகும்.

ரியூன் (tune) என்பது ரோன் (tone) என்ற சொல்லின் மாற்று வடிவம். இலத்தீன் வழியே பின்னோக்கிப் போனால் கிரேக்கத்தின் 'தோனொஸ்' வரும்; இழுத்தல், விறைப்பு என்பது அதன் பொருள். கம்பியை இழுத்துக் கட்டும் கை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நம்மவர்களும் நரம்பை 'வீக்குதல்' என்றே சொன்னார்கள். இறுகக் கட்டுதல் என்று பொருள். யாழின் முறுக்காணிக்கு 'மாடகம்' என்று தனிப்பெயரும் இருந்தது. சுருதி என்ற வடசொல்லுக்குக் கேட்கப்படுவது என்று பொருள். அதே பொருளில் தமிழில் 'கேள்வி' இருந்தது. இசைச் சுருதியையும் யாழையும்கூட அந்தச் சொல் குறித்தது. இன்று கேள்வி என்றால் வினாத்தாள்தான் நினைவுக்கு வருகிறது.

நான் தேடிய சொல் சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் இருந்தது. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும், முல்லைத்தீவுக் கோவலன் கூத்தை விடியவிடியப் பார்த்தவர்களுக்கும் அந்தக் கதை வீட்டுக் கதை. கடற்கரையில் மாதவி யாழை வாங்கிக் கோவலன் கையில் நீட்டுவதற்கு முன் எட்டு வகையாகக் கைவைத்துப் பார்க்கிறாள்: பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு. முதலில் நிற்கிறது பண்ணல். பாட எண்ணிய பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை அமைத்துக்கொள்வதே அது.

பண்ணுதலின் பழம்பொருள் ஆயத்தப்படுத்துதல். தேரைப் பூட்டி அணியமாக்குவதையும் பண்ணுதல் என்றார்கள். பண்ணிப் படுத்ததால் பண் எனப் பெயர் வந்தது என்பது உரைமரபு. பின்னாளில் இந்த வினை தேய்ந்து, எந்த ஆங்கிலச் சொல்லுக்கும் பின்னால் ஒட்டும் வாலாகிவிட்டது. நம் பிள்ளைகள் "கிற்றாரை ரியூன் பண்ணு" என்கிறார்களே, அந்தத் தொடரில் ரியூனுக்கு உரிய தமிழ் ஏற்கெனவே நிற்கிறது. "கிற்றாரைப் பண்ணு" என்றால் போதும். காதுக்கு இன்று அது அரைகுறையாகக் கேட்கும் என்பது உண்மைதான். ஆனாலும் இதைக் கண்டுகொண்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

செயலுக்குப் பண்ணுதல் என்றால் ஏற்பாட்டுக்கு என்ன? 'தொடை' என்றொரு பழஞ்சொல் உண்டு. தொடுத்துக் கட்டிய நரம்பை அது குறிக்கும். ஆனால் இந்தக் கருவி வாசிப்பவரின் தொடைக்கு மேலேயே நிற்பது, நெம்புகளைத் தள்ளுவதும் முழங்கால்தான். மட்டையில் தொடை என்று எழுதினால் பிள்ளைகள் காலையே பார்ப்பார்கள். ஆகவே 'பண்ணமைவு' என்று எழுதச் சொன்னேன். பண் அமைந்த யாழ் என்பது பழைய வழக்கு, அதிலிருந்து எடுத்தேன்.

இனி, எந்தப் பண்ணமைவு? ஈ சுரத்தை ஆதார சட்ஜமாக வைத்துச் சொல்கிறேன். பத்துக் கம்பி ஈ9 அமைவு, வாசிப்பவரிடமிருந்து தொலைவில் உள்ள முதற் கம்பியில் தொடங்கி இப்படி வரும்: ரி, நி, க, ச, ப, க, ரி, ச, நி, ப. இரண்டாம் கம்பி காகலி நிஷாதம் (உயர்ந்த நி), ஒன்பதாம் கம்பி கைசிகி நிஷாதம் (தாழ்ந்த நி). இவற்றில் உச்ச ஒலி மூன்றாம் கம்பியின் காந்தாரம். முதல் இரண்டும் அதற்குத் தாழ்ந்தவை. வீணைக்குப் பழகிய கை இங்கே முதல் வாரம் தடுமாறும்.

அமைவு என்பது இங்கே கம்பிகளோடு முடிவதில்லை. முதற் பெடல் பஞ்சமத்தை (ப) சதுசுருதி தைவதத்துக்கு (த) ஏற்றும். இரண்டாவது, காந்தாரத்தை (க) சுத்த மத்தியமத்துக்கு (ம) ஏற்றும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ச க ப என்று ஒலித்துக்கொண்டிருந்தது, கை அசையாமலே ச ம த ஆகிவிடும். ஒலித்துக்கொண்டிருக்கும் கம்பியைப் பெடலால் இப்படி வளைப்பதை 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கலைஞர் பட் ஐசக்ஸ் ஒலிப்பதிவில் கேட்கச் செய்தார். அதன் பிறகே இது இந்தக் கருவியின் குரலானது. நமக்கு இது புதிதல்ல. அம்மன் கோயிலில் உடுக்கு அடிப்பவரின் இடக்கையைப் பாருங்கள்: இடுப்புக் கயிற்றை அழுத்தும்போது தோல் விறைத்து ஒலி ஏறும், விட்டால் இறங்கும். பெடலும் அதையே கம்பிக்குச் செய்கிறது. அரைச்சுரம் ஏற்ற விறைப்பு ஏறக்குறைய 12 சதவீதம் கூட வேண்டும், முழுச்சுரத்துக்கு 26. மூன்றாம் கம்பி 0.011 அங்குலம்தான், அறுவது பெரும்பாலும் அதுதான்.

பன்னிரண்டு கம்பிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஈ9 அமைவின் கீழே இன்னொரு காந்தாரமும் இன்னொரு சட்ஜமும் சேர்த்து நீட்டுவது. மற்றது பொது அமைவு: ஈ9 அமைவையும் பி6 அமைவையும் ஒரே கழுத்தில் வைப்பது. சி6 அமைவை அரைச்சுரம் இறக்கினால் பி6. ஈ சுரக் கம்பிகளை ஒரு நெம்பால் அரைச்சுரம் இறக்கியதும் எஞ்சுவது ப நி ரி க. அது பி6 அமைவின் சுரக்கூட்டம்தான். இந்தச் சிக்கனம் அழகானது. ஆனால் அதற்குப் பெடல்கள் ஏழு எட்டாவது வேண்டும், ஒன்பதாம் கம்பியின் கைசிகி நிஷாதத்தையும் நெம்பிலிருந்தே எடுக்க வேண்டும். ஆகவே கம்பிகளை எண்ணுவதற்கு முன் பெடல்களை எண்ண வேண்டும். தம்பியின் கருவியில் பெடல் மூன்று, நெம்பு நான்கு. அவர்கள் குழுவில் பேஸ் கிற்றாரும் இல்லை. கீழ்ச்சட்ஜம் அவருக்குத் தேவை. நீட்டிய ஈ9 என்று முடிவாயிற்று.

ஸ்டீல் என்பது கம்பியைக் குறிக்கவில்லை. இடக்கையில் பிடித்துக் கம்பிமேல் வழுக்கும் உருக்குத் துண்டு அது. ஹவாய்த் தீவின் ஜோசப் கெகுகு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பிய முறை. நம் கோட்டுவாத்தியமும் அதே வழியில் வாசிக்கப்படுவது. உருக்குக் கிற்றார் என்று தயங்காமல் எழுதலாம்.

பெடலுக்கு மட்டும் நான் 'மிதி' என்று எழுதிக் கொடுத்தேன். தம்பி அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சேர், எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் வெடி வரும்" என்றார். மிதிவெடி அகற்றும்வரை காணிக்குள் கால் வைக்க முடியாமல் வேலியோரம் நின்றவர் அவர். நான் அந்தச் சொல்லை வெட்டிவிட்டேன். சைக்கிளிலும் தையல் மெஷினிலும் வழங்கும் பெடல் அப்படியே இருக்கட்டும்.

மட்டை இப்போது கருவியின் முன்புறம் ஒட்டியிருக்கிறது. மேலே 'பண்ணமைவு: நீட்டிய ஈ9'. கீழே ரி, நி, க, ச, ப, க, ரி, ச, நி, ப, க, ச. காந்தாரங்களுக்கு நேரே பென்சிலால் 'சற்றுக் குறைத்து' என்று அவரே எழுதியிருக்கிறார். சுருதி அளக்கும் கருவி காட்டும் அளவில் காந்தாரத்தை வைத்தால் சட்ஜத்தோடு சேரும்போது ஒலி அலையடிக்கிறது. 14 சென்ற் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ற்) வரை இறக்கினால் அடங்குகிறது. அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.